செடியின் வயது

"அன்னிக்கே தலபாடா அடிச்சுண்டேன், கேட்டியா சாரு? கண்டவாளுக்கெல்லாம் மாடியை விடாதேன்னு!"

பக்கத்து வீட்டு சுப்புலக்ஷ்மி மாமி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பத்து நாளாக மாடியிலிருந்து என்னவோ வாடை அடிக்கிறது என்று போலீசுக்குப் போன் போட்டதும் அவள்தான்.

சாருலதா மாடியையே அண்ணாந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டு மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மாடியில் குடியிருந்தவன் ஷோயப். கல்லூரியில் அவளிடம் தாவரவியல் படித்தவன். இப்போது அடையாறில் ஒரு நர்சரியில் வேலை. பேரைக் கேட்டதுமே மயிலாப்பூரில் பதினோரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சாருலதாதான் சாவியைக் கொடுத்தாள். அவன் குடிவந்து இன்றோடு இருபத்தாறு நாள்.

"மேடம், கொஞ்சம் மேல வாங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "நீங்க பாட்டனி புரொபசராமே. இது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க."

மாடிப்படியை ஒட்டிய ஸ்டோர் ரூமில் பூட்டு உடைந்த மர பீரோ திறந்து கிடந்தது. உள்ளே ஒரு விளக்கு, சின்ன ஃபேன், இரண்டு தொட்டி, இரண்டு செடி.

"இன்னா சார் இது, முட்டி ஒசரம்கூட இல்ல. அதுக்குள்ள பூத்துக் கீது!" என்றார் கான்ஸ்டபிள் கபாலி.

"கஞ்சாதான்" என்றாள் சாருலதா.

ஷோயப் சுவரோரம் நின்றான். சட்டை கசங்கியிருந்தது. கன்னத்தில் விரல் பதிந்த தடம்.

"என்கிட்ட அந்த பீரோ சாவியே இல்ல சார். நான் வரும்போதே பூட்டித்தான் இருந்துச்சு."

"எல்லாரும் இதையேதான்டா சொல்றீங்க. படிச்சது பாட்டனி, வேலை நர்சரியில. வேற எவன் வளர்ப்பான்?"

"மேடத்தையே கேளுங்க சார். செடியைப் பார்த்தே வயசு சொல்லிடுவாங்க. பொய் சொல்ல மாட்டாங்க."

சாருலதா குனிந்தாள்.

சாதாரணக் கஞ்சாச் செடி ஆள் உயரம் வளரும். பகல் குறைந்து இரவு நீளும்வரை பூக்காது. இது குட்டை ரகம். அகலமான கரும்பச்சை இலை, புதர் மாதிரி அடர்த்தி. வெளிச்சக் கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது. வயது வந்ததும் தானாகப் பூத்துவிடும்.

பூவை விரலால் திருப்பிப் பார்த்தாள். பிசின் ஒட்டியது. வெள்ளையாக நிற்க வேண்டிய இழைகள் பாதிக்கு மேல் பழுப்பேறியிருந்தன. அறுக்க இன்னும் சில நாள்தான். விதை போட்டு அறுபத்தைந்து நாளாவது ஆகியிருக்கும்.

அறுபத்தைந்து நாளுக்கு முன்னால் மாடியில் யாரும் குடியில்லை. "கீழ ஒரே சத்தம்மா, மாடியில படிக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டவன் ஒருவன்தான்.

நிமிர்ந்தாள்.

படியில் பிரணவ் நின்றுகொண்டிருந்தான். அவளுடைய ஒரே பிள்ளை. தகப்பன் போனபின் பதினாலு வருஷம் தனியாக வளர்த்த பிள்ளை. அடுத்த மாதம் ஜெர்மனியில் மேல்படிப்பு. வியாழக்கிழமைதான் விசா வந்திருந்தது.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க மேடம். எத்தனை நாள் செடி?"

"மேடம்..." என்றான் ஷோயப்.

சாருலதா சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். வகுப்பில் பேசுகிற அதே குரல் வந்தது.

"இது தானாப் பூக்கற ரகம். ரொம்ப வேகமா வளரும். இருபது நாள்... மிஞ்சிப் போனா இருபத்திரண்டு."

"பீரோ?"

"வீட்டோடது. காலியாத்தான் குடுத்தேன்."

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

ஷோயப் அந்தப் பூவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவளிடம் மூன்று வருஷம் படித்தவன். அந்தச் செடியின் வயது அவனுக்கும் தெரியும். வாயைத் திறந்தான். படியில் நின்ற பிரணவ் பக்கம் ஒரு தடவை கண் போனது. எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நட" என்றார் கபாலி.

வாசலில் கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ மொபைலில் படம் எடுத்தார்கள். ஜீப் தெருமுனை திரும்பியதும் சுப்புலக்ஷ்மி மாமி சாருலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய ஆபத்து விலகித்துன்னு நெனச்சுக்கோ. வயசுப் பிள்ளை இருக்கற ஆத்துல இப்படியொருத்தனா!"

சாருலதா கையை உருவிக்கொண்டு உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டாள். பிரணவ் சமையலறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓங்கி ஒரு அறை விட்டாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"நான் பொய் சொன்னது அந்தப் பையனுக்குத் தெரியும்டா. ஆனா யாரைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னேன்னு தெரியாது. உன் பேர் வெளியில வராது. எழுந்திரு."

பிரணவ் வாய்விட்டு அழுதான்.

"தெரியும்மா. ஷோயப் அண்ணாக்கு அஞ்சு நாள் முன்னாடியே எல்லாம் தெரியும்."

"என்ன உளர்றே?"

"வாடை வந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் ஒத்துண்டேன். அன்னிக்கே பிடுங்கிப் போடச் சொன்னார். நான்தான், இன்னும் ஒரு வாரத்துல அறுத்துடுவேன், ப்ளீஸ்னு கெஞ்சினேன்."

"அப்புறம் ஏன்டா அவன் இன்னிக்கு வாயைத் திறக்கலே?"

பிரணவ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"'உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவாங்கடா, என் வாயால எங்கயும் சொல்ல மாட்டேன்'னு அன்னிக்கு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினார்மா."