நூறு வாட்ஸ்

"பாட்டு எப்படிக் கேக்குதுங்கிறது எனக்கு வேணாம் தாயி. சத்தம் எவ்வளவு வரும், அதை மட்டும் சொல்லு."

சுருளியம்மாள் கறுத்துப்போன விரலால் கண்ணாடி மேசையைத் தட்டினாள். மாட்டுப்பட்டிப் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை, கடை திறந்ததும் முதல் ஆளாக ஆம்ப்ளிஃபயர் வாங்க வந்திருந்தாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற ராமலட்சுமிக்கு எரிச்சலாக இருந்தது. அவள் பி.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அவர்கள் லயத்தில் டிகிரி முடித்த முதல் ஆள். படித்த படிப்புக்கு இந்த விற்பனை வேலைதான் கிடைத்தது. இங்கேயும் படித்ததைச் சொன்னால் கேட்க ஆளில்லை.

"வீடு எம்புட்டுப் பெருசுக்கா?"

"லயத்து வீடுதான். ஒரு ரூமு, ஒரு அடுப்படி."

"அப்ப முப்பது வாட்ஸ் தாராளம். இதைப் பாருங்க. பாடுறவங்க மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்கும். ஸ்பீக்கரோட பதினோராயிரம்."

"அவ மூச்சை வச்சு நான் என்ன செய்ய? அந்தா, ஆயிரம் வாட்ஸ்னு போட்டிருக்கே, அது?"

"அது அட்டையில அடிச்சது. உள்ள நாப்பதுகூடக் கிடையாது. விலை ஆறாயிரம்கிறது மட்டும்தான் நெசம், மிச்சமெல்லாம் பொய்."

சுருளியம்மாள் சிரித்துவிட்டாள். "நல்லா ஏவாரம் பாக்குற போ. ஜோபி முதலாளி காதுல விழுந்தா உன்னைத் தூக்கிருவாரு."

"விழட்டும். சத்தமும் சுத்தமும் சேர்ந்து வேணும்னா அந்த அலமாரியில இருக்கு, அறுபதாயிரம். நம்ம காசுக்கு ரெண்டுல ஒண்ணுதான்."

"அப்ப சுத்தத்தை விடு."

"இத்தனை சத்தம் எதுக்குக்கா? கோயில் திருவிழாவா?"

"பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்கல. நடுவுல ஒத்தைச் செவுரு. பொழுது சாஞ்சா ஆரம்பிக்கும், விடிய விடிய காதுக்குள்ளயே நிக்கும். காலையில பெரட்டுல வரிசையா நிக்கவச்சு வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே கண்ணு சொருகுது. முந்தாநேத்து கொழுந்துக் கூடையோட சரிவுல உருண்டேன்." முழங்கைக் காயத்தைக் காட்டினாள். "அந்தச் சத்தம் என் காதுல விழக் கூடாது. அம்புட்டுத்தான்."

கடைக்குப் பின்னால் சரக்கு அறை. நடுவில் பலகைத் தடுப்பு. சுருளியம்மாள் அதைப் பார்த்தாள்.

"பாட்டைப் போட்டுட்டு நீ அதுக்குள்ள போயிக் கத்து. எனக்குக் கேக்குதான்னு பாக்கேன்."

"என்னன்னு கத்த?"

"அம்மான்னு கத்து."

ராமலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருஷம் லேபில் உட்கார்ந்து படித்தவளுக்கு இப்படி ஒரு பரீட்சை. போய்க் கத்தினாள்.

முதலில் முப்பது வாட்ஸ். "கேக்குது தாயி. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல நடுவுல இடம் விடுது பாரு, அதுல நீ வந்துர்ற."

அடுத்து ஆயிரம் வாட்ஸ். "ஸ்பீக்கரு கிழியுது. அப்பவும் நீ கேக்குற."

மூன்றாவது, சர்க்யூட் போர்டு வாங்கி உள்ளூரிலேயே பெட்டிக்குள் பொருத்தியது. நிஜமான நூறு வாட்ஸ், விலையும் எட்டாயிரம்தான். ஆனால் பாடுவது ஆணா பெண்ணா என்றே தெரியாது. வெட்கக்கேடு என்று ராமலட்சுமி அதை யாருக்கும் எடுத்துக்காட்டுவதில்லை. தடுப்புக்குப் பின்னால் நின்று தொண்டை வலிக்கக் கத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். சுருளியம்மாள் கண்ணை மூடி நின்றிருந்தாள்.

பாட்டை நிறுத்திய பிறகுதான் கண்ணைத் திறந்தாள். "கத்துனியா?"

"நாலு தடவை."

"இதையே கட்டிரு."

ராமலட்சுமி பெட்டியில் வைத்து டேப் ஒட்டினாள். "அப்படி என்னக்கா சத்தம் பக்கத்து வீட்டுல? டி.வி.யா?"

"குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கிறான். தெனமும்."

டேப் பாதியில் நின்றது. "அவ கத்துறது கேக்காம இருக்கத்தான் இதா?"

"ஆமா."

"வெக்கமா இல்ல? ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதானே?"

"ரெண்டு தடவை போயாச்சு. ஒத்துதீர்ப்பு, சமாதானமாப் போயாச்சுன்னு கையெழுத்து வாங்கிட்டு அவன் கூடவே அனுப்பிட்டாங்க. கதவைத் தட்டியும் பாத்தேன். தட்டுன அன்னைக்கெல்லாம் அவளுக்குக் கூடுதலா விழுந்துச்சு."

"அதுக்காகப் பாட்டுப் போட்டு மூடிருவீங்களா? நானும் லயத்துல பொறந்தவதான். எல்லாரும் இப்படித்தான் இருக்கீங்க. அடி விழுந்தா டி.வி. சத்தத்தைக் கூட்டுவீங்க, மறுநாள் தண்ணிக் குழாயில நின்னு 'ஐயோ பாவம்'னு பேசுவீங்க. நீங்க டி.வி.க்குப் பதிலா ஆம்ப் வாங்குறீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்!"

சுருளியம்மாள் பாதியில் நின்ற டேப்பைத் தானே அழுத்தி ஒட்டினாள். அது ராமலட்சுமியின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"அவளைப் பெத்தவள்னு ஒருத்தி இருப்பால்ல? அவ எங்க போய்த் தொலைஞ்சா?"

சுருளியம்மாள் மடியை அவிழ்த்துப் பணத்தை மேசைமேல் வைத்தாள். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் காசே அந்தப் புள்ள குடுத்ததுதான் தாயி. 'உனக்குக் கேக்காம இருந்தா நீ ஓடி வர மாட்டல்ல, நீ வராட்டி ரெண்டு அடியோட விட்டுருவான்'னா," என்றாள். "கண்ணு முன்னாலயே இருக்கட்டும்னு நான்தான் என் மகளைப் பக்கத்து வீட்டுலயே கட்டிக் குடுத்தேன்."