நாலு மணி புரோக்கர்

"வீட்டை விக்கச் சொன்னா, வர்றவங்களை விரட்டுறதுக்குன்னே ஒரு ஆளைத் தேடிப் பிடிச்சிருக்கியே, நீ!"

வாத்தியாருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் அந்தக் கணக்கு வாத்தியார் குரல் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. தெருமுனை வரை கேட்கும்.

மனைவி, வந்தவர்கள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கோபம் வராதா பின்னே? மாசக் கடைசிக்குள் இந்த வீடு விலைபோனால்தான், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்து வைத்திருக்கும் வீடு கைக்கு வரும். இல்லையென்றால் அதை வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். பேத்தி இருக்கும் தெருவிலேயே இருக்கலாம் என்று மனுஷன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் ஒரு குறையும் கிடையாது. பக்கத்து வீட்டில்தான் பிரச்சினை. அங்கே 'பாப்பா' என்று எல்லோரும் கூப்பிடும் பத்து வயதுப் பெண். பேச்சு வராது. சிறப்புப் பள்ளியிலிருந்து நாலு மணிக்கு வந்ததும், இரண்டு கையாலும் பொதுச் சுவரைத் தட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தால் அடங்க ஒரு மணி நேரம் ஆகும். மற்ற நேரமெல்லாம் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது.

இந்தப் புரோக்கரோ, சொல்லி வைத்த மாதிரி நாலு மணிக்குத்தான் ஆள் கூட்டி வருவார். இதுவரை மூன்று குடும்பம். மூன்றும் பாதி வீட்டைக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டிவிட்டன.

வாசலில் நின்றவரைப் பிடித்துக்கொண்டார் வாத்தியார்.

"ஏன்யா, காலையில பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்தா என்ன? உமக்கு மணி பார்க்கத் தெரியுமா, தெரியாதா?"

வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி தலையைக் குனிந்து நின்றார் புரோக்கர். "அடுத்த தடவை பார்த்துக்கலாம் சார்."

அடுத்த தடவையும் நாலு மணிதான்!

இந்த முறை ஒரு கணவனும் மனைவியும். ஹாலுக்குள் காலை வைத்ததுமே சுவர் அதிர்ந்தது.

"என்ன சத்தம் அது?" என்றாள் வந்தவள்.

"அது ஒண்ணுமில்லம்மா, பக்கத்துல ஏதோ மராமத்து வேலை..." என்று வாத்தியார் முந்திக்கொண்டார்.

"இல்லம்மா, பக்கத்து வீட்டுப் பாப்பா. பேச்சு வராது. தினமும் இந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் தட்டும்" என்று போட்டு உடைத்தார் புரோக்கர்.

போச்சு! வாத்தியார் பல்லைக் கடித்தார்.

அவள் சுவர் அருகே போய்க் காது கொடுத்தாள். "வீட்டுல வேற யாரு இருக்கா?"

"அம்மா மட்டும்தான். தனியா வச்சு வளர்க்கறாங்க."

"ஐயோ, கூடமாட ஒரு ஆள்கூட இல்லையா?" என்றவள் கணவனிடம் திரும்பினாள். "என்னங்க, படுக்கையை இந்தச் சுவரை ஒட்டாத ரூமுக்கு மாத்திக்கிட்டா ஆச்சு. எனக்கு வீடு பிடிச்சிருக்கு."

அந்த வாரமே பேசி முடித்து, மாசக் கடைசிக்கு முன்பே கையெழுத்தும் ஆகிவிட்டது.

சந்தோஷத்தில் வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"குருட்டு அதிர்ஷ்டம்! அந்த ஆளை நம்பினதுக்கு நாம நடுத்தெருவுலதான் நின்னிருக்கணும். அத்தனை திட்டு திட்டினேனே, ஏன் நாலு மணிக்கே வர்றோம்னு ஒரு வார்த்தை சொன்னாரா?"

"எப்படிச் சொல்வாரு? என்னையில்ல காட்டிக் கொடுக்கணும்!" என்றாள் மனைவி.

"என்னது?"

"நாலு மணிக்கு மட்டும்தான் கூட்டிட்டு வரணும்னு சொன்னதே நான்தாங்க. மூணு புரோக்கர்கிட்ட இதையே சொன்னேன். முதல் ரெண்டு பேரும், 'வீட்டை விக்கணுமா, வேண்டாமா?'ன்னு சிரிச்சாங்க. இவர் ஒருத்தர்தான், 'நீங்க சொல்றதுதாம்மா சரி. நீங்க போயிடுவீங்க, பாப்பா இங்கேயேதானே இருக்கப் போகுது'ன்னாரு."