ஒரு கோடு சார்ஜ்

கிடாவின் முதுகிலிருந்து சோலார் பலகையை அவள் அவிழ்த்தபோது போன் செத்துக் கிடந்தது.

எல்லாம் வழக்கப்படிதான் கட்டியிருந்தாள். மந்தைக்கு முன்னால் நடக்கிற மைனரின் முதுகில் பலகை, கழுத்துப் பையில் போன். மைனர் என்பது அந்தக் கிடாவின் பெயர். ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிற கீதாரிக் குடும்பத்துக்கு மின்சாரம் அதன் முதுகில்தான். நடக்க நடக்கச் சார்ஜ் ஏறும்.

இன்று மந்தை நடக்கவில்லை.

வெயில் தாங்காமல் அத்தனை செம்மறியும் காலையிலேயே உடைமர நிழலில் ஒதுங்கிவிட்டன. ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு. நட்டநடுவில், நல்ல நிழலாகப் பார்த்து மைனர்.

அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இன்றைக்குப் போயா கவனிக்காமல் விட்டோம்.

பரமக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மகள் பாண்டீஸ்வரி காத்திருக்கிறாள். மதுரையில் நர்ஸிங் சீட். இன்று மூன்று மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்கான ஓடிபி இந்தப் போனுக்குத்தான் வரும்.

மதுரையெல்லாம் நமக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டுத்தான் அவள் புருஷன் கூரிச்சாமி ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். அவள் பலகையைக் கட்டப் போய்விட்டாள். பேசினால் பேச்சு வளரும்.

பலகையோடு வெயிலுக்கு வந்தாள்.

மந்தை மொத்தமும் எழுந்து பின்னால் வந்தது. அவள் கிளம்பினால் தாங்களும் கிளம்ப வேண்டும், ஆடுகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சினையாடுகள் இந்த வெயிலில் விழுந்துவிடும்.

திரும்ப ஓட்டிக்கொண்டு போனாள். தொரட்டிக் கம்பை மரத்தடியில் ஊன்றினாள். தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து அதன்மேல் போட்டாள்.

ஆடுகள் துண்டைப் பார்த்தன. ஆள் இங்கேதான் இருக்கிறாள் என்று அடங்கின.

அவள் வெறுந்தலையோடு வெயிலில் உட்கார்ந்தாள்.

அவசரத்தில் இழுத்து அவிழ்த்ததில் வயர் லூஸாகியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் ஏறும்.

பிடித்தாள்.

பலகை சுட்டது. விரல் மரத்துப்போனது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

விடவில்லை.

போன் கண்ணைத் திறந்தது. ஒரு கோடு.

முதலில் வந்தது கூரிச்சாமியின் அழைப்பு. எடுத்தால் ஆட்டு விலையில் ஆரம்பித்து அந்த ஒரு கோட்டையும் தின்றுதான் ஓய்வான்.

கட் செய்தாள்.

கல்யாணமானதிலிருந்து அவன் கூப்பிட்டு அவள் பேசாமல் இருந்ததில்லை.

அடுத்து மகள். விடிந்ததிலிருந்து கூப்பிடுகிறாளாம். இதோ சென்டர்க்காரரை ஓடிபி அனுப்பச் சொல்கிறேன் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மெசேஜ் வந்து விழுந்தது.

பாண்டீஸ்வரியின் குரல் தாழ்ந்தது.

“அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுருவமாம்மா?”

மரத்தடியில் ஒரு குட்டி கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“நம்பரச் சொல்றேன் தாயி, எழுதிக்க.”

ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ கீபோர்டில் தட்டுகிற சத்தம். பிறகு மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

கோடு இன்னும் இருந்தது.

கட்டைவிரலை எடுக்காமல், மற்ற கையால் கூரிச்சாமிக்கு அவளே போன் போட்டாள்.