பட்டப்பகல் விளக்கு

“ஏம்மா, பட்டப்பகல்ல தெருவிளக்கு எரியுது. சூரியனுக்கே டார்ச் அடிச்சுக் காட்டுறீங்களா?” என்று போனில் கேட்டார் நூலகத் தெருத் தையல்காரர்.

நகராட்சி எலெக்ட்ரீஷியன் கால்வாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தாள். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலையில் வேலைக்குக் கூடவே கூட்டி வந்த ஏழு வயது மகளைக் காணவில்லை.

“லைப்ரரி மாடியில இருக்கிற சென்சாரை ஏதாவது மூடியிருக்கும்ணே. மூடினா, இருட்டிடுச்சுன்னு நெனச்சு அது லைட்டைப் போட்டுடும்” என்று அவள் வாய் பழக்கதோஷத்தில் சொன்னது. “அதை விடுங்க. என் பொண்ணு அந்தப் பக்கம் நிக்கிறாளா பாருங்க. ரொம்ப நேரமாத் தேடுறேன்.”

“ஐயையோ. நான் இப்பத்தான் கடையைத் திறந்தேன். தெருவுல ஈ காக்கா இல்லியேம்மா. இரு, முனை வரைக்கும் போய்ப் பாக்குறேன்.”

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“கடைசியா எங்க பாத்தீங்க?”

“லைப்ரரி மொட்டை மாடியில சார். சோலார் பேனலைத் துடைச்சோம். அவ முன்னாடி இறங்கி ஓடிட்டா. நான் சாமானை எடுத்துக்கிட்டு இறங்கி வந்தா, வண்டிகிட்ட அவ இல்ல.”

“மாடியில நல்லாப் பாத்தீங்களா?”

“என் கையாலதான் சார் கதவைப் பூட்டினேன். அங்க யாருமில்ல. இங்க வாத்து இருக்கும். வாத்துன்னா அவளுக்கு உசிரு.”

வாத்துகள் இருந்தன. எதுவும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன.

“பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“அதுல பிரயோஜனம் இல்ல சார்.”

மனசு விட்டுப்போய்ப் பேசுகிறாள் என்று நினைத்தார் போலீஸ்காரர். அவரே “பாப்பா, பாப்பா” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கரையோரமாக நடந்தார். அவள் பின்னால் போனாள். பெற்றவள் மனசு நல்லதையா நினைக்கும்? கலங்கிய தண்ணீரில் மிதந்த ஒவ்வொரு பொட்டலமும் மகளின் சட்டையாகத் தெரிந்தது.

மதகுப் பக்கம், தேட வந்த ஆட்களில் ஒருவர் கொக்கி போட்டு எதையோ இழுத்தார். “ஒரு செருப்பு மாட்டியிருக்கு சார்.”

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“பெரியவங்க செருப்பும்மா. கண்ணைத் திறங்க.”

திறந்தாள். பயம் மட்டும் போகவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காலையில் அரை வயிறாகச் சாப்பிட்ட மகள், தண்ணீர்ப் பாட்டிலைக்கூட வண்டியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுபடி போன் அடித்தது. தையல்காரர்.

“கிடைச்சுட்டாளா அண்ணே?”

“இல்லம்மா. ரெண்டு முனையும் பாத்துட்டேன். இந்த நேரத்துல சொல்றேனேன்னு கோவிச்சுக்காதே, இந்த லைட்டைப் பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. சும்மா எரிஞ்சாலும் பரவாயில்ல, தெரு முழுக்க ஒண்ணாக் கண்ணடிக்குது. மனுஷன் பயப்படுவானா மாட்டானா?”

அவள் போனை வைக்கப் போனாள். விரல் நின்றது.

“எப்படிக் கண்ணடிக்குது?”

“மூணு தடவை எரிஞ்சு அணையுது. கொஞ்ச நேரம் கம்முனு இருக்கு. மறுபடி மூணு தடவை.”

“எத்தனை தடவை?”

“மூணும்மா. நீ ஒண்ணு, சொன்னதையே கேட்டுக்கிட்டு.”

அவள் ஓட ஆரம்பித்தாள். போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

“என்னம்மா? எங்க போறீங்க?”

“மாடிக்கு சார். அவ இறங்கவே இல்ல, பேனலுக்குப் பின்னாடி இருந்திருக்கா. பாவி, பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்.”

“எப்படிம்மா தெரியும்?”

வீட்டில் சாப்பிட, படிக்க, தூங்க மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் அறை விளக்கை அவள் மூன்று தடவை போட்டு அணைப்பாள். பிறந்ததிலிருந்து காது கேட்காத, ஒரு வார்த்தை பேசாத அந்தப் பிள்ளை, இப்போது அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.