நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்?

"ரெண்டு வண்டியும் ஒரே நாள்ல வாங்கினது. ஒரே கம்பெனி, ஒரே பேட்டரி. அவன் வண்டி நூறு கிலோமீட்டருக்குப் பதினாறு யூனிட் குடிக்குது. உன் வண்டி இருபத்தஞ்சு குடிக்குது. எப்படிய்யா?"

டைல்ஸ் கடை முதலாளி செல்போனைத் திருப்பிக் காட்டினார். எதிரே நின்ற டிரைவர் குட்டை அதைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தான்.

கடையில் இரண்டு மின்சாரப் பிக்கப் வண்டிகள். ஒன்றை ஓட்டுபவன் நெட்டை, இன்னொன்றை ஓட்டுபவன் குட்டை. சொந்தப் பெயரெல்லாம் சம்பளப் பட்டியலோடு சரி.

டீசல் வண்டிகளைத் தள்ளிவிட்டு இவற்றை வாங்கியதிலிருந்து முதலாளியைக் கையில் பிடிக்க முடியவில்லை. குழாய் வாங்க வந்தவரையெல்லாம் உட்கார வைத்து, "டீசலுக்குக் கொட்டி அழுததுல அஞ்சுல ஒரு பங்குதான் சார் இப்போ கரண்டுக்கு ஆகுது" என்று ஆரம்பித்துவிடுவார். பாவம், வந்தவருக்குக் குழாயே மறந்து போகும்.

சிக்கனத்தில் ருசி கண்டவர் சும்மா இருப்பாரா? கூடவே போய்ச் சரக்கு இறக்குகிற ஆளையும் நிறுத்திவிட்டார். ஏற்றுவது கடை ஆட்கள், இறக்குவது டிரைவர் என்று புதுச் சட்டம். "உடம்புக்கு முடியாதவன் இப்பவே சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றும் அன்றைக்கே சொல்லியாயிற்று.

"ஏசியைப் போட்டுக்கிட்டு எங்கயாவது மரத்தடியில தூங்கறியா?"

"இல்லைங்க முதலாளி."

"அப்போ எனக்குத் தெரியாம வெளி வாடகைக்கு ஓட்டறியா?"

குட்டைக்கு முகம் சுண்டிப்போனது. "சத்தியமா இல்லைங்க. இனிமே பார்த்து ஓட்டறேன்."

"மூணு மாசமா இதே பாட்டு! மெக்கானிக்கும் வந்து பார்த்துட்டான். வண்டில ஒரு குறையும் இல்லையாம். குறை ஓட்டற ஆள்கிட்டதான். சாவியை வச்சுட்டுக் கிளம்பு."

குட்டை ஏதோ சொல்ல வாயெடுத்தான். என்ன நினைத்தானோ, சாவியை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். வீட்டில் கைக்குழந்தை. போன மாதம்தான் கையிலிருந்ததையெல்லாம் முன்பணமாகக் கொடுத்து வேறு வீட்டுக்கு மாறியிருந்தான். அது முதலாளிக்கும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினார். கணக்கு என்று வந்துவிட்டால் மனுஷனுக்குத் தயவு தாட்சண்யமே கிடையாது.

மறுநாள் இரண்டு வண்டி வேலையையும் நெட்டை தலையில் கட்டினார். "நீதான்டா எனக்குத் தங்கம்" என்று முதுகில் ஒரு தட்டு வேறு. நெட்டை வண்டியை எடுத்தான்.

சாயங்காலம் ஆசையாகச் செல்போனைத் திறந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தங்கத்தின் வண்டி, முப்பத்தொரு யூனிட்.

"டேய் நெட்டை! உனக்கும் அவன் காத்து அடிச்சிடுச்சா?"

நெட்டை சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இடுப்புல டிஸ்க் நகர்ந்திருக்குங்க முதலாளி. நாலு மாசமாச்சு. பத்து கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொன்னா வேலை போயிடுமேன்னு..."

"அதுக்கும் கரண்டுக்கும் என்னடா சம்பந்தம்?"

"டைல்ஸ், சிமென்ட் எல்லாத்தையும் அவனே எடுத்துக்குவான். குழாய், ஷவர், கண்ணாடி மட்டும்தான் எனக்கு விடுவான். ஒரு டன் பாரத்தோட அவன் மேம்பாலம் ஏறினான். நான் காலி வண்டி மாதிரி ஓட்டினேன். யூனிட் எப்படிங்க ஒண்ணா வரும்? இன்னிக்குத்தான் எல்லாப் பாரமும் என் வண்டியில ஏறிச்சு. பாதியை வீட்டுக்காரங்களே இரக்கப்பட்டு இறக்கிக்கிட்டாங்க."

"காலையிலேயே இதைச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் இருந்தேன். அவன்தான் போன்ல, 'வாயைத் திறக்காதே, ரெண்டு பேர் வேலையும் போக வேண்டாம்'னுட்டான்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "யார் எதை ஏத்திட்டுப் போறீங்கன்னு நான் என்னடா கனவா கண்டேன்?"

"சரக்குச் சீட்டுல தினமும் கையெழுத்துப் போடறது நீங்கதானேங்க."

வாஸ்தவம்தான். மூன்று மாதமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு நாளும் சீட்டைப் படித்ததில்லை. படித்ததெல்லாம் செல்போனில் வந்த யூனிட்டை மட்டும்தான். அவருக்கே வெட்கமாக இருந்தது.

அங்கேயே நின்றபடி குட்டைக்குப் போன் போட்டார்.

"நெட்டை எல்லாத்தையும் சொல்லிட்டான்ய்யா. தப்பு என் பேர்லதான். நாளைக்கே வந்து வண்டியை எடு. சம்பளத்தையும் கூட்டித் தர்றேன்."

"மன்னிச்சுக்குங்க முதலாளி. இன்னிக்கு வேற இடத்துல சேர்ந்துட்டேன். சிமென்ட் மொத்த வியாபாரி. அங்கயும் மின்சார வண்டிதான்."

"அதுக்குள்ளயா? எத்தனை யூனிட் ஆகும்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டாருங்க. நூறு கிலோமீட்டருக்கு இருபத்தஞ்சுன்னு உள்ளதைச் சொன்னேன். எவ்வளவு பாரத்தோடன்னு கேட்டாரு. ஒரு டன்னுன்னேன். நம்பாம ஒரு டன்னை ஏத்தி, அவரும் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு என்னை ஓட்டச் சொன்னாரு. அங்க யாருக்கும் அந்தப் பாரத்துக்கு முப்பதுக்குக் கீழ வந்ததே இல்லையாம். இறங்கினதும் கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"அப்புறம்?" முதலாளியின் குரல் இறங்கிவிட்டது.

"இப்படிப்பட்ட ஆளை எந்த முட்டாள்யா வெளியே அனுப்பினான்னு கேட்டாரு." குட்டை கொஞ்சம் தயங்கினான். "உங்க பேரை நான் சொல்லலைங்க முதலாளி."