கொட்டகையில் ஒரு போட்டோ

"அந்த மோதிரத்தக் கழட்டுங்க மாமா. போட்டோவுல மின்னும்" என்றாள் பாஞ்சாலை.

சுப்புராயன் அவசரமாக மோதிரத்தைக் கழற்றி மனைவி கொளஞ்சியம்மாளிடம் கொடுத்தார். கழுத்துச் சங்கிலியும் கைக்கடிகாரமும் முன்பே இறங்கிவிட்டன. இடுப்பில் ஓட்டை விழுந்த வேட்டி. இதற்காகவே பரண் முழுக்கத் தேடி எடுத்தது.

அவர் நின்றது அவருடைய ஆட்டுக் கொட்டகையின் வாசலில். ஆடுகளை நேற்றே பக்கத்துக் கொல்லைக்கு ஓட்டிவிட்டு, தரையை மெழுகி, கட்டில், அடுப்பு, துணி மூட்டை, சாமி படம் எல்லாவற்றையும் கொட்டகைக்குள் கொண்டுவந்து வைத்தாயிற்று. இருபதடி தள்ளி மஞ்சள் பெயிண்ட் அடித்த மாடி வீடு பளபளவென்று நின்றது.

அரசாங்கத்தின் வீட்டு மானியம் வேண்டுமென்றால் கூரை வீட்டில் குடியிருக்க வேண்டும். மாடி வீடு பெயரில் இருந்தால் மனுவைத் தொடக்கூட மாட்டார்கள். கூரையைப் பிரிப்பதற்கு முன்னால் ஓவர்சியர் நேரில் வந்து, குடும்பத்தை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தாக வேண்டும். மனு கொடுக்கக் கடைசித் தேதி உட்பட இந்த விவரமெல்லாம் சுப்புராயனைத் தேடி வந்து சொன்னவள் பாஞ்சாலைதான்.

பாஞ்சாலை, அவருடைய செத்துப்போன தம்பி பழமலைநாதனின் மனைவி. அந்த மாடி வீடு, பழமலைநாதன் விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் பதினைந்து வருஷம் வெந்து கட்டியது. வரி ரசீதை மட்டும், ஊரோடு இருந்த அண்ணன் தன் பெயரில் போட்டுக்கொண்டார்.

கருமாதி முடிந்த மறுநாள், அந்த ரசீதை முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டு, பாஞ்சாலையையும் மகள் வெண்பாவையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். கொட்டுகிற மழை. ஒரு குடையைக்கூட எடுக்க விடவில்லை, பாவி மனுஷன்.

மூன்று வருஷமாக ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிப் பிழைக்கிறாள் பாஞ்சாலை. அந்த மழையை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

"இவ நம்மளக் காட்டிக் குடுக்கத்தான் வந்திருக்கா. பாத்துக்கிட்டே இருங்க" என்று புருஷன் காதில் கிசுகிசுத்தாள் கொளஞ்சியம்மாள்.

"அட, அது வாயில்லாப் பூச்சிடி. மானியம் வந்தா பொண்ணுக்குக் கம்மல் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கேன். பல்ல இளிச்சிக்கிட்டு நிக்குது."

அந்தத் தைரியத்தில்தான், மாடி வீடு தம்பி கட்டியது, அவன் குடும்பத்துக்கே சொந்தம், தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தார். வரி ரசீதையும் பாஞ்சாலை பெயருக்கு மாற்றிவிட்டார்.

"சார் கேட்டா நானும் ஒழுங்கா பதில் சொல்லணும்ல மாமா" என்று அந்த முத்திரைத்தாளுக்கு ஒரு ஜெராக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டாள் பாஞ்சாலை.

இன்று காலையில் அவள் மகளோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது, கூடவே இரண்டு பெட்டி, ஒரு பாத்திர மூட்டை.

"எதுக்கு இவ்ளோ சாமான்?"

"மாடி வூட்டுல நாங்க குடியிருக்கிற மாதிரி தெரியணும்ல மாமா?"

அவளுடைய புத்தியை மெச்சிக்கொண்டு சாவியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார் சுப்புராயன்.

ஓவர்சியர் பைக்கில் வந்தார். கொட்டகை முன்னால் புருஷன் பெண்டாட்டியை நிற்க வைத்துச் செல்போனில் போட்டோ எடுத்தார். பிறகு நேராக மாடி வீட்டு வாசலுக்கு நடந்தார்.

"இந்த வூடு யாரோடதும்மா?"

பாஞ்சாலை திரும்பி சுப்புராயனைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானியமும் போகும், மானமும் போகும்.

"எங்க வூட்டுக்காரரு கட்டுனதுங்க சார். நானும் எம் பொண்ணும் இருக்கோம்."

"அப்ப அவங்க?"

"அந்தக் கொட்டகையிலதாங்க சார். பாவம், வேற போக்கிடம் கெடையாது."

ஓவர்சியர் மாடி வீட்டு வாசலில் அவளையும் மகளையும் நிற்க வைத்து இன்னொரு போட்டோ எடுத்தார். பாஞ்சாலையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா? தங்கமான பொண்ணு. நீதான் சும்மா பயந்து செத்த" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மோதிரத்தை மாட்டிக்கொண்டு மாடி வீட்டுப் படியேறினார் சுப்புராயன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. முதல் தூறல் அவர் வழுக்கையில் விழுந்தது.

"யம்மா பாஞ்சாலை! சார் போயிட்டாரு. கதவத் தொற, மழ வருது."

ஜன்னல் திறந்தது. கம்பி வழியாக ஒரு குடை வெளியே நீண்டது.

"ஒங்க வூடு அந்தாண்ட இருக்குதுங்க மாமா."