ஆண்கள் முகாம்

அவனுக்கு நாற்காலி போட்டார்கள்.

அவன் உட்காரவில்லை. முதலில் வேட்டியின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டான். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான். கல்குவாரித் தூசு குளித்தால் போவதில்லை.

அவள் சுவரோரம் நின்று பார்த்தாள். இடுப்பில் சின்னவள்.

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல். மாவட்டத்திலிருந்து டாக்டர், அவருக்கு ஒரு ஜீப். கருவிகளைக் கொதிக்க வைக்க ஒருத்தி. கரண்டு போனால் ஓட்ட ஜெனரேட்டர், அதற்குக் காவலாக ஒரு ஆள்.

வந்திருந்தது இவன் மட்டும்.

ஆம்பளைகளின் கருத்தடை ஆபரேஷனுக்கென்று கவர்மெண்டு வருசா வருசம் பணம் ஒதுக்குகிறது, ஆள் வராமல் அது அப்படியே திரும்பிப் போகிறது என்றாள் ரெஜினா சிஸ்டர். இன்றும் யாரும் வராவிட்டால் முகாமையே மூடியிருப்பார்களாம்.

பெண்களுக்கு ஆபரேஷன் நடக்கும் நாளை அவள் பார்த்திருக்கிறாள். இதே வராண்டா. அக்காவுக்குத் துணைக்கு வந்திருந்தாள். தரையில் பாய், பாயில் வரிசையாகப் பொம்பளைகள். கால் நீட்ட இடமில்லை. அரை மயக்கத்தில் ஒருத்தியின் கை இன்னொருத்தியின் முகத்தில் கிடந்தது.

இவனுக்குக் கட்டில். வெள்ளை விரிப்பு.

கோபம் வரவில்லை அவளுக்கு. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவனுக்காக யாரும் ஒரு கதவைத் திறந்துவிட்டுக்கூட அவள் கண்டதில்லை. இன்றைக்கு ஒரு சர்க்காரே எழுந்து நிற்கிறது.

அவளுக்குத்தான் செய்வதாக இருந்தது. நெஞ்சில் வால்வு பழுது, மயக்க மருந்து தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு பிள்ளை உண்டானால் பிழைக்க மாட்டாள் என்பதை அவனைக் கூப்பிட்டு வைத்துத்தான் சொன்னார்கள்.

அவன் போய்க் கல் உடைத்தான்.

போன வாரம் அவனே வந்து பேர் கொடுத்தது குவாரியில் தெரிந்துபோனது. இனி சம்மட்டியைத் தூக்கின மாதிரிதான் என்றார்கள். அப்புறம் மீசை எதற்கு என்றார்கள். அவளுக்கும் பயம்தான். அந்தத் தோளை நம்பித்தான் நாலு வயிறு.

காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவன் சலூனுக்குள் போனான். வெளியே வந்தபோது அவளுக்கே ஆள் அடையாளம் தெரியவில்லை.

சிஸ்டரும் கவனித்துவிட்டாள்.

"ஏண்ணே, போன வாரம் மீசையோடதான வந்தீங்க?"

"அவனுங்க பேசுறதுக்கு எதையும் மிச்சம் வைக்கல சிஸ்டர்."

மீசை இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. வெயிலே படாத தோல். இத்தனை வருசம் அதன் அடியில் இப்படி ஒரு முகம் இருந்திருக்கிறது.

உள்ளே போனான். கதவைச் சாத்தினார்கள்.

இப்போது ஓடிவந்துவிடுவான் என்று நினைத்தாள்.

ஓடிவரவில்லை.

சின்னவள் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலம் காலியாகுமுன் நடந்து வந்தான். காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து. பின்னாலேயே டாக்டரும் வந்து கையை நீட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்த விரல்களுக்குள் டாக்டரின் கை காணாமல் போனது.

மூன்று மாசம் ஜாக்கிரதையாக இருக்கணும், அப்புறம் ஒரு பரிசோதனை என்றாள் சிஸ்டர். அதுவரைக்கும் வேண்டிய ஆணுறையை அவள் கையில் திணித்தாள். அவள் வெட்கப்படவில்லை. வாங்கி இடுப்பில் செருகினாள்.

ஜீப்பிலேயே கொண்டுபோய் விடச் சொன்னார் டாக்டர்.

பின் சீட்டில் அவன் ஒரு ஓரம், அவள் ஒரு ஓரம். நடுவில் சின்னவள்.

வீட்டில் படுப்பதும் இப்படித்தான். சின்னவள் பிறந்ததிலிருந்து அவள்தான் இப்படிப் போட்டுவைத்தாள். ஏன் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜீப் மெயின் ரோட்டை விட்டுக் குவாரிப் பாதையில் இறங்கியது. மூவரும் குலுங்கினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அவள் பிள்ளையைத் தூக்கித் தன் பக்கத்து ஜன்னலோரம் உட்காரவைத்து, நடுவுக்கு நகர்ந்தாள்.

"வேடிக்கை பாரு" என்றாள்.